அணில் சத்தம்

எனக்கு டீ பிடிக்காது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பட்டறையிலும் தெரியும். ஆனாலும் அன்று மணிமுத்து அண்ணன் வாங்கிக் கொடுத்த டீயை அடி வரை குடித்தேன். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் டீ அது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஐயா, புளியறை மலைச் சாலையில் விபத்துக்குள்ளான ஜீப்பின் நிலை பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஏற்கெனவே அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறேன். அதன் பிறகு அதை மனதுக்குள் பல தடவை திரும்பப் படித்துவிட்டேன். வரிகள் சரியாக இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்கிற ஒருவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. அதை வைத்துக்கொண்டுதான் துல்கர்னைன் அண்ணன் மேல் அதிவேகமாக ஓட்டியதாக வழக்கு எழுதப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

என் பெயர் குற்றாலீஸ்வரன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரம் தாண்டி, சண்முகநாதன் அண்ணாச்சியின் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மாலையில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நடக்கிற மோட்டார் வாகன வகுப்பில் படிக்கிறேன். அங்கே ஜெயசித்ரா மேடம் எங்களைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைப்பார்கள். என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், எதை மாற்றினாய். இந்த மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் அடிக்கடி சொல்வது. "நாலை ஒண்ணா மாத்திட்டு வண்டி சரியாயிட்டுன்னு வந்து நிக்காதீங்க. எதனால சரியாச்சுன்னு உங்களுக்கே தெரியாது" என்பார்கள்.

அண்ணாச்சியின் பட்டறையிலும் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியை வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்கும்போது, அந்த வேலையில் கை வைத்தவன் பக்கத்தில் உட்கார வேண்டும். பிரேக் பார்த்தவன் பிரேக் டிரையலில், கியர் பார்த்தவன் கியர் டிரையலில். "நீ உக்காராத வண்டில நான் ஏன்டே உக்காரணும்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்பார் அண்ணாச்சி. செங்கோட்டை, புளியங்குடியிலிருந்தெல்லாம் எங்களிடம் வண்டி வருவதற்கு இந்த வழக்கம்தான் காரணம். நான் சேர்ந்ததிலிருந்து இதை ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. ஒரு தடவை தவிர.

மணிமுத்து அண்ணன் பட்டறையில் மூத்த மெக்கானிக். வேகமான கை. பேச்சு அதைவிட வேகம். போன வருடம் ஒரு எஸ்டேட்காரரின் ஃபோர் வீல் வண்டியில் ஒரு முனகல் சத்தம் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில் பேரிங் போய்விட்டது என்று நான் உறுதியாகச் சொன்னேன். அண்ணாச்சி என் பேச்சை நம்பிப் பெட்டியை இறக்கச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் புதிதுபோல இருந்தது. மணிமுத்து அண்ணன் வந்து, நான்கு டயரையும் கழற்றி வேறு டயர் மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தம் இல்லை. சேற்று டயரின் பட்டைகள் தார் ரோட்டில் எழுப்பிய சத்தம் அது.

அன்றிலிருந்து எனக்குப் பட்டறையில் பெயர் ரிப்போர்ட்டு.

"ஏலே ரிப்போர்ட்டு, இந்த ஆட்டோல ஹாரன் அடிக்கி. இஞ்சின்ல கோளாறு இருக்குமோ, கொஞ்சம் காது வச்சுப் பாரு." இப்படித்தான் பேசுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கெட்டவர் இல்லை. என் பைக்கில் பெட்ரோல் இல்லாத நாட்களில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டு விட்டிருக்கிறார். போகும் வழியிலும் ரிப்போர்ட்டு என்றுதான் கூப்பிடுவார். இதை ஒரு காரணமாக எழுதவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

துல்கர்னைன் அண்ணன் சவூதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி, மேக்கரைப் பக்கத் தோப்புகளுக்குத் தேங்காய் பொறுக்கப் போகிற பெண்களை ஏற்றி இறக்குகிறார். வாய்க்காலும் சேறும் கடந்து போக வேண்டிய பாதை. சாதாரண வண்டி போகாது.

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள அணில் குடிவந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். "மெதுவா போனா கிச்சுகிச்சுங்குது. வேகமா போனா வாயப் பொத்திக்கிடுது. வாடகை கேட்டா குடுக்க மாட்டேங்குது."

"நிறுத்துங்க, கொய்யாப்பழம் வச்சுப் புடிச்சிருவோம்" என்றார் மணிமுத்து அண்ணன்.

முன் சக்கரத்தின் பேரிங் என்று சொல்லி, அதைக் கழற்றிப் புதிது போட்டுக் கொடுத்தார். டிரையலுக்கும் அவரே உட்கார்ந்து போனார். இலஞ்சி வரை சத்தம் வரவில்லை. அன்று மழை, ஈரத்தில் சில சத்தங்கள் அடங்கும். சில நாள் கழித்து ஒரு காலையில் துல்கர் அண்ணன் மறுபடி வந்தார்.

"அணில் தனியா இல்ல மணி, குட்டி போட்டிருக்கு. கிளம்பும்போது டங்குனு ஒரு அடி வேற. நாளைக்கு வெள்ளன பன்னெண்டு பொம்பளைங்கள ஏத்திட்டு மேக்கர போணும். இன்னைக்கே பாத்துக் குடு."

குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த சமயம். பட்டறை வாசலில் கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன. சீசன் முடியும் வரை நாங்கள் வாரம் முழுவதும் திறந்திருப்போம். மணிமுத்து அண்ணன் ஒரு வேனின் அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே, "ரிப்போர்ட்டு, உனக்கு நல்ல சான்ஸ்லே. போய்ப் பாரு" என்றார்.

நான் பார்த்தேன். இந்தப் பகுதியைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஜீப்பைத் தெருவில் மெதுவாக ஓட்டச் சொல்லி, பக்கத்தில் நடந்தேன். சத்தம் வந்தது. நியூட்ரலில் உருள விடச் சொன்னேன். அப்போதும் வந்தது. ஆகவே இஞ்சின் இல்லை. முன் சக்கரங்களுக்கு இழுவை போகாமல் விடுவித்தேன். அப்போதும் வந்தது. ஆகவே முன் பக்கம் இல்லை. பிறகு பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோடு ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை தடவை கிச்சென்கிறது என்று கேட்டேன். ஒன்று என்றால் சக்கரத்தில் கோளாறு. நான்கைந்து வந்தது. ஜீப்பில் சக்கரத்தைவிட அத்தனை மடங்கு வேகமாகச் சுற்றுவது ஒன்றுதான்: பின் ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகிற ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் கிராஸ் என்று ஓர் இணைப்பு இருக்கும். கூட்டல் குறி போன்ற இரும்பு, நான்கு நுனியிலும் சின்னக் கிண்ணம் மாதிரி கப், கப்புக்குள் ஊசி ஊசியாக பேரிங். கிரீஸ் வற்றினால் அணில் மாதிரிதான் கத்தும்.

வேனுக்குப் பக்கத்தில் குத்தவைத்துச் சொன்னேன்.

"அண்ணே, பின் ஷாஃப்ட்டு கிராஸ்ணே. முன் முனையில."

வேனின் அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "அந்தக் கிராஸ் போன மாசம் எங் கையால போட்டது. புத்தம் புதுசு. அதுல எங்கன இருந்துலே சத்தம் வரும்?" பிறகு குரலை உயர்த்தி, "அண்ணாச்சி, ரிப்போர்ட்டு அடுத்த பெட்டிய இறக்கச் சொல்லுதான், இறக்கவா?"

அண்ணாச்சி யாரிடமோ போனில் பேசிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்றா, எனக்குத் தெரியாது என்றா, இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"போ, கழத்தி நீயே பாத்துக்கோ. பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு" என்றார் மணிமுத்து அண்ணன்.

கழற்றினேன். கப்பைத் தட்டி எடுத்ததும் உள்ளிருந்து செம்மண் போல ஒரு பொடி உள்ளங்கையில் கொட்டியது. ஊசிகள் இருந்த இடத்தில் அந்தப் பொடிதான் இருந்தது. புதுக் கிராஸில் பேருக்குத்தான் கிரீஸ் இருக்கும். மாட்டிய பிறகு கிரீஸ் கன் வைத்து ஏற்ற வேண்டும். அவசரத்தில் ஏற்றாமல் விட்டிருக்கிறார். யாருக்கும் நடக்கக்கூடிய தவறு. எதிர்முனையைப் பார்த்தேன், அதில் கிரீஸ் இருந்தது. இதை மட்டும் மறந்திருக்கிறார்.

அந்தப் பொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேன் வரை நடந்திருந்தால் போதும். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். ஜீப்பின் அடியில் படுத்தபடி நானும் அதை யோசித்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "கழத்தும்போது நீதாம்லே சுத்தியல வச்சு அடிச்சு ஒடச்சிருப்ப." வேறொரு வண்டியில் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்குப் பிறகு, நான் கண்டுபிடித்தது சரியா தவறா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். எனக்கு அப்படி ஒரு கோளாறு உண்டு. அடுத்தவர் சிரித்தால் என் கண் பார்த்ததையே நான் நம்ப மாட்டேன்.

ஆகவே அவர் கண்ணுக்குக் காட்டினால் போதாது, அவர் காதால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஓடுகிற வண்டியில், அவர் போட்ட கிராஸ், அவர் காலடியிலேயே கத்த வேண்டும். வேறு யாரும் சொல்லாமல் அவராகவே சொல்ல வேண்டும்.

பார்ட்ஸ் கடை அன்று அடைப்பு. புதுக் கிராஸ் வாங்க வழியில்லை. அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தால் கடைக்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்பியிருப்பார், முன்பும் அனுப்பியிருக்கிறார். நான் சொல்லவில்லை. பழைய டியூப் ஒன்றிலிருந்து காசு அளவுக்கு வட்டமாகத் துண்டுகள் வெட்டி, கப்புகளுக்கு அடியில் வைத்து, கெட்டியான கிரீஸை அடைத்து, அதே கிராஸை மறுபடி மாட்டினேன். ரப்பர் இருக்கும் வரை ஆட்டம் தெரியாது. சூடேறினால் ரப்பர் போய்விடும். ரோட்டோரத்தில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் பக்கத்து ஊர் வரை ஊர்ந்து போவதற்குச் செய்கிற வேலை இது. ஊர்ந்து போவதற்கு.

தெருவில் ஓட்டிப் பார்த்தோம். அணில் இல்லை.

"மாயமாப் போச்சே!" என்றார் துல்கர் அண்ணன். "ஏலே, நீ ரிப்போர்ட்டு இல்லலே, மந்திரவாதி."

நான் வேனுக்குப் போய், "நீங்க சொன்னதுதாம்ணே சரி. கிராஸ் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கிரீஸ் வச்சேன், அடங்கிட்டு" என்றேன்.

அவர் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிட்ட பாத்தியா, அதுதாம்லே வேலக்காரனுக்கு அழகு" என்றார். "எனக்குப் படிப்பு ஏறல. நீ அந்த வகுப்ப முடி. அண்ணாச்சிகிட்ட நான் பேசுதேன், உனக்குன்னு தனியா ஒரு ஆளப் போட்டு, தனியா வண்டி குடுக்கச் சொல்லி. இனிமே பேரச் சொல்லியே கூப்பிடுதேன். ஈஸ்வரா. சரியா?"

சரி என்றேன். டீ சூடாக இருந்தது. அது ஆறுகிற வரை எனக்கு நேரம் இருந்தது. சொல்வதற்கான வாக்கியத்தைக்கூட மனதில் அமைத்தேன். ஆனால் இப்போது சொன்னால் அவர் தந்த பெயரை அவரே திரும்ப வாங்கிக்கொள்வார். அவர் பேசப் பேச நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் டிரையலுக்குக் கிளம்பினார்கள். துல்கர் அண்ணன் வழக்கம்போல இலஞ்சி வரை போய் வரலாம் என்றார். குற்றாலம் ரோடு நெரிசலாக இருந்தது. "புளியறை தாண்டி மலை ஏறிப் பாத்துருங்கண்ணே. ஏத்தத்துலதான் உண்மை தெரியும்" என்று நான்தான் சொன்னேன். அது சரியான யோசனைதான். ஏற்றத்தில்தான் ஷாஃப்ட்டுக்குச் சுமை.

"ஃபோர் வீலு மட்டும் போடாதீங்க. ரெண்டு வீலுலயே போங்க. போட்டா முன் பக்கச் சத்தமும் சேந்து வரும், எதுன்னு தெரியாது" என்றும் சொன்னேன். அதுவும் சரியான யோசனைதான். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

ஷாஃப்ட்டை மாட்டும்போது, அதை ஒட்டிப் போகிற பிரேக் பைப்பின் கிளிப் கழன்று, பைப் கொஞ்சம் தொங்கியதைப் பார்த்தேன். பிரேக் பற்றி வாடிக்கையாளர் எதுவும் குறை சொல்லவில்லை. சொல்லாத வேலையைச் செய்தால் அண்ணாச்சிக்குப் பிடிக்காது. விட்டுவிட்டேன்.

"ஏறுலே" என்று துல்கர் அண்ணன் பக்கத்து சீட்டைத் தட்டினார்.

"எனக்கு வகுப்பு இருக்குண்ணே" என்றேன்.

அவர் அண்ணாச்சி இருந்த பக்கம் பார்த்தார். அதற்குள் மணிமுத்து அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார். "அவன் படிக்கப் போட்டும். கிராஸ் போட்டவன் நாந்தான, நான் வாரேன்." வழக்கப்படியும் அது சரி. கை வைத்தவர்கள் இருவர், ஒருவர் உட்கார்ந்தாயிற்று. "வரும்போது உனக்கு பரோட்டா வாங்கிட்டு வாரேன், ஈஸ்வரா" என்றார்.

நான் எதிர்பார்த்ததை எழுதுகிறேன். ஏற்றத்தில் சூடேறி ரப்பர் கரையும். அணில் கத்தும். மணிமுத்து அண்ணன் கேட்பார். ஓரமாக நிறுத்துவார்கள். எனக்கு போன் வரும். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று எழுதி நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். ஆனால் போன மாதம் வகுப்பில் ஒரு தேர்வு நடந்தது. பழைய ஃபோர் வீல் ஜீப்பின் படம் வரைந்து குறிக்கச் சொன்னார்கள். நான் வரைந்த படத்தை மேடம் எல்லோருக்கும் காட்டினார்கள். அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை; பின் ஷாஃப்ட் கிளம்புகிற இடத்தில் இருக்கிற ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. அதற்கு அடுத்த கிராஸ் உடைந்தால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லை. இரண்டு வீலில் போகும்போது உடைந்தால் கியர் இறக்கி வேகத்தைக் குறைக்கவும் முடியாது. கழன்ற ஷாஃப்ட் சுழன்று அடிக்கும். பக்கத்தில் தொங்குகிற பைப்பை அது வெட்டினால் கால் பிரேக்கும் போய்விடும், அந்த ஜீப்புக்கு ஒரே லைன். ஃபோர் வீல் போட்டிருந்தால் மட்டும், பின் ஷாஃப்ட் போனாலும் முன் சக்கரங்கள் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

இதையெல்லாம் விடைத்தாளில் எழுதியிருந்தேன். ஆகவே ஷாஃப்ட்டை மாட்டிக்கொண்டு படுத்திருந்தபோது இவை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அப்போது அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் இருந்தன. சத்தத்தை அடக்கினேன். மலைக்கு அனுப்பினேன். ஃபோர் வீல் போடாதே என்றேன். பைப்பை விட்டேன். ஒரே நாளில் நான்கு. மேடம் சொல்வது போல, இதில் எதனால் அது நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏறும்போது எதுவும் நடக்கவில்லை. ரப்பர் நான் நினைத்ததைவிட நன்றாகத் தாங்கியது. மேலே ஒரு கடையில் பரோட்டா வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். இறக்கத்தில், எஸ் வளைவுக்கு முன்னால், கிராஸ் உடைந்தது. மீதியை நீங்கள் படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வலது பக்கம் பள்ளம். எதிரே கேரளா போகிற லாரிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. துல்கர் அண்ணன் தெரிந்தே இடது பக்கப் பாறையில் வண்டியைச் சாத்தினார். வேகமாக ஓட்டியவர் செய்கிற காரியமில்லை இது ஐயா, பிரேக் இல்லாதவர் செய்கிற காரியம். இடது பக்கம்தான் மணிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலையை வெளியே நீட்டியிருந்தார்.

ஏன் நீட்டியிருந்தார் என்பது எனக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. துல்கர் அண்ணனின் தொடை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் மனைவி மாஜிதா அக்கா சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் துல்கர் அண்ணன் அழுதார்.

"இறங்கையில மறுபடி கிச்சுகிச்சுன்னுச்சுலே. மணி தலைய வெளிய நீட்டிக் கேட்டான். கேட்டுட்டுச் சிரிச்சான். 'பய சொன்னது சரிதான் துல்கரு, கிராஸ்தான். எங்க வேணும்னாலும் அடிச்சுச் சொல்லலாம்'ன்னான். நிறுத்தச் சொன்னான். நான் பிரேக்குல கால வைக்கையில டமார்னு…"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இருந்திருந்தா முன்னாடியே கேட்டிருப்பலே. உன் காது அப்படி" என்றார். "நான் வேகமா வந்தேன்னு சொல்லுதாங்க. வந்திருப்பேன்போல. எனக்கே தெரியல. அவன் பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நான் அவரிடம், மணிமுத்து அண்ணன் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். பய சொன்னது சரிதான், கிராஸ்தான். அந்த நேரத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை தெரியவில்லை. துக்கம் அது இல்லை. துக்கம் பிறகு, மாடிப்படி இறங்கும்போது வந்தது.

மணிமுத்து அண்ணனை அடக்கம் செய்த அன்று அவர் மனைவி முத்துச்செல்வி மைனி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். "அன்னைக்கு மத்தியானம் போன்ல உன்னப் பத்தித்தான் தம்பி பேசுனாரு. அந்தப் பயல ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன், இனிமே பண்ணக் கூடாதுன்னாரு" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர்கள் என் கையைப் பிடித்திருந்தார்கள். கிரீஸ் போகவில்லை என்று நினைத்து நான் கையை இழுத்துக்கொண்டேன்.

ஜீப் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. ஹேண்ட் பிரேக் டிரம்மை ஒட்டிய முனையில் இரண்டு கப் இன்னும் இருக்கும். தட்டி எடுத்துப் பாருங்கள். அடியில் கருப்பாகக் கரைந்த ரப்பர் இருக்கும். அது போதும். துல்கர்னைன் அண்ணன் மேல் எந்தத் தவறும் இல்லை. அண்ணாச்சிக்கும் எதுவும் தெரியாது. மறுநாள் அதே வண்டியில் பன்னிரண்டு பெண்கள் போயிருப்பார்கள். அது நடக்கவில்லை என்பதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாமா என்று சில சமயம் யோசிக்கிறேன். கூடாது என்றுதான் தோன்றுகிறது. உறுதியாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. நான் முதலில் கொடுத்த அரைப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. புதுக் கிராஸ் வாங்காததற்குக் காரணம் பார்ட்ஸ் கடை அடைப்பு. டிரையலுக்குப் போகாததற்குக் காரணம் வகுப்பு. நீங்கள் படித்துப் பார்த்துத் தலையசைத்தீர்கள். நான் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறவன், எனக்கே இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பார்ட்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அடைப்பு. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வகுப்பு கிடையாது.

ஆனால் நான் போனேன் ஐயா. ஜீப் கிளம்பியதும் குளித்து, சட்டை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். இருட்டிய பிறகு ஓர் ஆம்புலன்ஸ் செங்கோட்டை ரோட்டிலிருந்து வந்து ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தேன். நான் எழுந்திருக்கவில்லை. வகுப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது.